தோட்டக் குடும்பங்களும் வாரிசுரிமையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் உயிலைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பேசலாமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம்மவரிடையே உயில் என்ற சொல்லை எடுத்தாலே, "வாயில் நல்ல வார்த்தை வராதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வது வழக்கம். ஆனால் குடும்பத்தார் அனைவரும், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் உட்பட, ஒரே கூரையின்கீழ்ச் சேரும் நாள்கள் தீபாவளியும் ஆலயத் திருவிழாவும்தாம். இந்த நாளை விட்டால், அடுத்து எல்லாரும் ஒன்றுகூடுவது பெரும்பாலும் ஒரு துக்க வீட்டில்தான். அப்போது பேசுவதைவிட இப்போது பேசுவதே நலம் என்று கருதியே இத்தலைப்பை ஏற்றுக்கொண்டேன்.

"சொத்து உள்ளவனுக்குத்தானே உயில்? எங்களிடம் என்ன இருக்கிறது?" என்பது தோட்டத்தில் பலரும் கேட்கும் கேள்வி. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலையைக் கண்டு குறித்து வைத்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் இச்சரிவுகளில் காடு வெட்டியவர்களும், செடி நட்டவர்களும், மழையிலும் பனியிலும் கொழுந்து கிள்ளியவர்களும் நம் முன்னோர்கள். ஆயினும் அவர்கள் வாழ்ந்த லயம் அவர்களுடையதாக இருக்கவில்லை. அது வேலையோடு வந்த வீடு. வேலையோடு போகும் வீடு. ஐம்பதாண்டு குடியிருந்த வீடாயினும் அதை உயிலில் எழுத முடியாது. இவ்வுண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் "இது அப்பாவின் வீடு" என்று நம்பியிருந்த குடும்பங்கள், அப்பா மறைந்த பிறகு அம்மாவை எங்கே அழைத்துச் செல்வது என்று தெரியாமல் திகைப்பதுண்டு.

அப்படியானால் நம்மிடம் உள்ளது எது? வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஊழியர் சேமநிதி அறிக்கை இருக்கும். காப்புறுதிப் பத்திரம் ஒன்று இருக்கலாம். தாத்தா பெயரில் ஒரு கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சிலரிடம் மலிவு விலை வீட்டின் பத்திரம் ஆகியவை இருக்கும். இவையே நம் சொத்து. இதில் கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதியின்படி கைமாறுகின்றன. உயில் ஒன்றை எழுதிவிட்டால் எல்லாம் அதன்படி நடக்கும் என்று நினைப்பது தவறு. தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை, உயிலைக் காட்டிலும் வலிமையான தாள் சேமநிதியின் வாரிசு நியமனப் படிவமே என்பது என் கருத்து. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

ஊழியர் சேமநிதி 1951-இல் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. இன்று அது 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. உறுப்பினர் ஒருவர் தம் வாரிசின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தால், பணம் அந்த வாரிசுக்கே சேரும். முஸ்லிம் அல்லாத உறுப்பினராயின், பெயர் குறிக்கப்பட்டவர் அப்பணத்தைத் தமக்கே உரியதாகப் பெறுகிறார். மற்றவர்க்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. முஸ்லிம் உறுப்பினர்களுக்கு விதி வேறு. அடுத்து, உயிலில் வேறு விதமாக எழுதினாலும் இந்த நியமனம் மாறாது. திருமணம் செய்துகொண்டாலும் மாறாது. புதிய படிவம் எழுதிக் கொடுத்தாலோ, எழுத்து மூலம் ரத்து செய்தாலோ, வாரிசாகக் குறிக்கப்பட்டவர் முன்னதாக இறந்தாலோதான் அது நீங்கும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும் மகன் ஒருவன், படிவத்தில் தன் தாயாரின் பெயரை எழுதுகிறான். அந்த வயதில் வேறு யார் பெயரை எழுதுவான்? பிறகு திருமணம் ஆகிறது, மூன்று பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் படிவம் அவன் நினைவிலேயே இல்லை. நாற்பத்தைந்தாவது வயதில் திடீரென்று மாரடைப்பு. இருபத்து மூன்று ஆண்டுச் சேமிப்பு முழுவதும் தாயாருக்குச் செல்கிறது. மாமியார் நல்ல மனம் படைத்தவராயின் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுப்பார். ஆனால் அது அவருடைய மனத்தைப் பொறுத்தது. சட்டம் அவரைக் கேட்காது. அத்தாயாரை மற்றொரு மகன் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டால் கதை என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. திருமணமானதும் பொறுப்புள்ள மகன் படிவத்தை மாற்றி மனைவியின் பெயரை மட்டும் எழுதுகிறான். அதில் குற்றமில்லை. ஆனால் அவனுடைய சம்பளத்தையே நம்பியிருந்த தாயாருக்கு, அவன் மறைந்த மறுமாதமே மருந்துக்குக்கூட வழியில்லாமல் போகிறது. தாயா, தாரமா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் நம்மைக் கேட்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டோரின் பெயரை எழுதி, நூற்றுக்கு இத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்க அப்படிவத்திலேயே இடம் இருக்கிறது. மனைவிக்கு ஐம்பது, பிள்ளைகளுக்கு முப்பது, தாயாருக்கு இருபது என்று எழுதலாம். அந்தக் கட்டங்களை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். நம்மவர் முதல் வரியில் ஒரு பெயரை எழுதி நூறு என்று போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள மத்திய சேமநிதியில் நிரந்தரவாசியாகி உறுப்பினராக இருப்பவர்கள் கவனிக்கவும்: அங்கே திருமணம் செய்துகொண்டால் முந்தைய நியமனம் தானாகவே நீங்கிவிடும். இங்கே நீங்காது. பாலத்தைக் கடந்தால் விதியும் மாறுகிறது.

காப்புறுதியில் மற்றொரு நுட்பம் உண்டு. முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ நியமித்தால், அவர்கள் பணத்தைத் தங்களுக்கே உரியதாகப் பெறுவர். நியமிக்கும்போது மனைவியோ பிள்ளையோ இல்லாதவர் பெற்றோரை நியமித்தால் அவர்களுக்கும் அவ்வாறே. அண்ணனையோ தம்பியையோ நியமித்தால், அவர் பணத்தை வாங்கி உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர் மட்டுமே. "என் பெயரில்தானே இருக்கிறது" என்று அண்ணன் சொன்னால் அது சட்டமன்று.

கூட்டுறவுப் பங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுச் சென்றபோது, நடுத்தெருவில் நின்ற தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து, தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கட்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து அதில் பங்கு சேர்ந்தனர். மலேசியத் தமிழரின் வரலாற்றில் அதற்கு இணையான முயற்சி மிகக் குறைவு என்பேன். பின்னர் 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோதும் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் நம்மவரில் உண்டு. 2010-இல் அப்பங்குகளை ஒன்றுக்கு 80 காசு வீதம் வாங்கிக்கொள்ள ஒரு தரப்பு முன்வந்தது. அப்பங்குகளைச் சேர்த்தவர்களில் பலர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

இறந்தவர் பெயரில் உள்ள கூட்டுறவுப் பங்கு என்ன ஆகும்? அவர் சங்கத்தில் வாரிசு நியமனம் செய்திருந்தால் அவ்வாரிசுக்குச் செல்லும். செய்யாவிட்டால் சட்டப்படியான நிர்வாகி ஒருவர் வர வேண்டும். ஆகவே தாத்தாவின் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள், ஒரு முறை சங்க அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வங்கிக் கணக்கும் அப்படியே. ஏழாண்டு தொடாமல் கிடக்கும் கணக்கின் பணம், கோரப்படாத பணங்களின் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது தொலைந்து போவதில்லை; வாரிசுகள் உரிய பத்திரங்களுடன் கோரிப் பெறலாம்.

இனி, உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால் அவருடைய வீடும் பணமும் யாரைச் சேரும் என்று பார்ப்போம். முஸ்லிம் அல்லாதோருக்கு, தீபகற்ப மலேசியாவில், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் இதனைத் தீர்மானிக்கிறது. "மூத்த மகனுக்கே வீடு", "கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்பனவெல்லாம் நம் பேச்சு வழக்கு. சட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. மகனும் மகளும் சமம்.

இச்சட்டத்தில் 1997 ஆகஸ்டு 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மிக முக்கியமானது. அதற்கு முன்னர், மனைவி உயிலின்றி இறந்தால் கணவன் அனைத்தையும் பெறுவான். கணவன் இறந்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு எதுவும் இல்லை. திருத்தத்திற்குப் பின் கணவனும் மனைவியும் சமமாயினர். பெற்றோருக்கும் பங்கு உண்டாயிற்று. ஒருவர் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகிய மூவகையினரையும் விட்டுச் சென்றால் பெற்றோருக்குக் கால் பங்கு, துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. இறந்தவரின் சொத்து 2,40,000 வெள்ளி என்றும், தாயார், மனைவி, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் கொள்வோம். தாயாருக்கு 60,000, மனைவிக்கு 60,000, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 40,000. பெற்றோர் இல்லையாயின் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோரும் மனைவியும் மட்டும் இருந்தால் பாதிப் பாதி.

கணக்கு நேர்மையானதே. ஆனால் அந்தச் சொத்து பணமாக இல்லாமல் ஒரே வீடாக இருந்தால்? ஐந்து பெயர்கள் ஒரு பத்திரத்தில் ஏறும். பிள்ளைகளில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின், அவருடைய பங்கை அவர் வயதுக்கு வரும்வரை தொட முடியாது. வீட்டை விற்கவும் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் உயில் எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இச்சட்டம் யாரை மனைவி என்கிறது, யாரைப் பிள்ளை என்கிறது என்பதிலும் நம்மவர் பலர் இடறி விழுகிறார்கள். 1982 மார்ச் முதல் நாளுக்கு முன் நம் சமய வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அந்நாளுக்குப் பின் நடந்தவை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இதே சந்நிதியில் ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும், பதிவு இல்லையேல் பங்கும் இல்லை. சொக்சோவின் பிழைத்திருப்போர் ஓய்வூதியம் கோரும்போதும் சிக்கல் எழும். அவ்வாறே, அண்ணன் பிள்ளையை மார்பிலும் தோளிலும் போட்டு வளர்த்தவர்கள் நம்மிடையே நிறைய. 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெற்றிருந்தால்தான் அப்பிள்ளைக்கு வாரிசுரிமை உண்டு. தேசியப் பதிவிலாகாவில் வளர்ப்புப் பிள்ளை என்று பதிந்திருப்பது மட்டும் போதாது. அது வேறொரு சட்டத்தின் கீழ் வருவது. அத்தகைய பிள்ளைக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால் உயிலில் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

காய்கறித் தோட்டம் வைத்திருப்போரும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது நிலப்பட்டாவா, குத்தகையா, அல்லது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமமா என்பதை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். தேசிய நிலச் சட்டத்தின்படி தற்காலிக உரிமம் பிறருக்கு மாற்றித் தரத்தக்கதன்று. உரிமம் பெற்றவர் இறந்ததும் அது முடிந்துவிடும். அதை உயிலில் எழுதுவதால் பயனில்லை. நிலத்தை நம்பிக் கடன் வாங்கி மழைக்கூடாரம் போட்ட குடும்பம், இதை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

உயில் எழுதும் முறை கடினமானதன்று. 1959-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பித் தெளிந்த மனநிலையில் உள்ளவர் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கடைசியில் கையெழுத்திட வேண்டும். அவர்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். தமிழிலும் எழுதலாம், நீதிமன்றத்துக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பு வேண்டும். கையெழுத்துத் தெரியாத தாய்மார்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆனால் உயில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டார் என்ற குறிப்பும் அதில் இடம்பெறட்டும். சாட்சிகள் விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ, அவருடைய கணவர் அல்லது மனைவிக்கோ அவ்வுயிலில் எழுதிய பங்கு செல்லாது. வீட்டிலேயே இருக்கிறாளே என்று மருமகளைச் சாட்சி போட வைத்தால், மகனுக்கு எழுதியது போய்விடும். உயிலில் பங்கில்லாத வெளியார் இருவரை அழையுங்கள். மேலும், உயில் எழுதியபின் ஒருவர் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும். சேமநிதிக்கு ஒரு விதி, உயிலுக்கு அதற்கு எதிரான விதி. இதை எவ்வளவு சொன்னாலும் மக்கள் மாற்றியே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

உயில் இல்லாமல் நிலமோ வீடோ விட்டுச் சென்றவர்களின் சிறு சொத்துகளை மாவட்ட நில அலுவலகத்திலேயே விசாரித்துப் பங்கிடும் வழி 1955 முதல் இருக்கிறது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் அதன் வரம்பை 20 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வெள்ளியாக உயர்த்தியது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் உயர் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. தானா ராத்தாவில் தொடங்கலாம். நிலமில்லாமல் வங்கிப் பணம் போன்றவை மட்டும் இருந்தால் அமானா ராயாவை அணுகலாம். இறப்பு வரி பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி விண்ணப்பிக்காமல் இருப்போர் இன்னும் உண்டு. அவ்வரி 1991-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

இடையில் ஒன்று. தோட்டத்துக் கிராணி எழுதிய பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பது நம் குலச்சொத்து போலும்! முனியாண்டி ஓரிடத்தில் முனியண்டி, மற்றோரிடத்தில் முனியன். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி, இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பதிந்து வையுங்கள். அவர் போனபின் அதை நிரூபிக்க அலைவது பெரும்பாடு.

இறுதியாக, முதியோரின் நிலை. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்தும் சட்டத்தைச் சிங்கப்பூர் 1995-இல் இயற்றியது. அறுபது வயதான பெற்றோர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். நம் நாட்டில் அதுபற்றிய பேச்சு நெடுநாளாக நடந்து வருகிறது. உயிலில் விடுபட்ட குடும்பத்தினர் நீதிமன்றத்தில் பராமரிப்புக் கோர 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. ஆனால் அதில் துணைவரும், திருமணமாகாத மகளும், வயது வராத மகனும், உடல் அல்லது மனக் குறையால் தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பிள்ளைகளும் உளர், பெற்றோர் இலர். மகன் உயில் எழுதி அதில் தாயை மறந்துவிட்டால், அத்தாய்க்கு அங்கே வழியில்லை. ஆகவே உயில் எழுதும் பிள்ளைகளே, அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்வேன். சிலருக்கு இது கசக்கலாம். உயிரோடு இருக்கும்போதே இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பெற்றோர் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக மாற்றித் தரும் சொத்தில் முதல் 10 இலட்சம் வெள்ளிக்கு முத்திரைத் தீர்வை இல்லை என்றதும், "இப்போதே மாற்றிவிடலாம்" என்ற பேச்சு வீடுகளில் எழுந்தது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் பத்திரம் மாறியபின் நீங்கள் அவ்வீட்டில் விருந்தினர். பிள்ளை நல்லவனே ஆனாலும், அவன் கடன்பட்டு நொடித்தால் வங்கி உங்கள் வயதைப் பார்க்காது. உயிலில் எழுதி வைத்தால் அதே வீடு அதே பிள்ளைக்கே சேரும். உங்கள் காலம் வரை அது உங்களுடையது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர்.

அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிவரை பிள்ளை பார்த்துக்கொள்வான் என்பதும் முழு உண்மையன்று. எழுதியவர் மனநிலை பிறழ்ந்தவர் என்று தீர்மானிக்கப்பட்டால் அப்பத்திரம் செல்லாது. அதன்பின் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம்தான் அவருடைய சொத்தைக் கவனிக்க ஆள் நியமிக்க வேண்டும். மறதி நோய் முற்றுமுன் உயிலையும் வாரிசுப் படிவங்களையும் முடித்துவிடுவது இதனால்தான் அவசியமாகிறது.

உங்கள் சேமநிதி உறுப்பினர் எண், காப்புறுதிப் பத்திர எண், கூட்டுறவுப் பங்கு எண், வங்கியின் பெயர், உயில் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நினைவில்லாதவர்கள் அடையாள அட்டையுடன் ஈப்போவிலுள்ள சேமநிதி அலுவலகத்தில் கேட்டறியலாம். உயில் எழுத விரும்புவோருக்குச் சாட்சியாக நிற்க நிர்வாகக் குழுவினரில் சிலர் இசைந்துள்ளார்கள். மாலைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் அவர்களைக் காணலாம். தனிப்பட்ட ஐயங்கள் இருப்போர் தத்தம் பத்திரங்களுடன் அங்கேயே என்னைச் சந்திக்கலாம். அன்னதானத்திற்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.